வன்னியின் எழுதாச் சாசனங்கள்

“என்ன பறையிறாய்?” என்று நம் பாட்டிமார் கேட்பதைக் கேளாதவர் இம்மலரைப் படிப்போருள் அரியர். “என்ன பேசுகிறாய்?” என்பதே அதன் பொருள். மலையாளத்தார் இன்றும் சொல்லுதலைப் பறைதல் என்றே வழங்குகின்றனர். பழந்தமிழிலும் பறை என்பது சொல்லைக் குறிக்கும், தோற்கருவியையும் குறிக்கும். வாயாற் சொல்வதையும் தோலில் அறைந்து சொல்வதையும் ஒரே சொல்லாற் குறித்த மக்களுக்குப் பேச்சு என்பது நாவோடு முடிந்துவிடும் காரியமாகத் தோன்றியிருக்க முடியாது.

இச்சிறு செய்தியைக் கையிற் கொண்டு பெரியதொரு குறைபாட்டை ஆராயப் புகுகின்றோம். வன்னிக்குச் சரித்திரம் இல்லை, இருந்திருந்தாலும் எழுதிவைக்கப்படவில்லை என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். எழுத்துச் சான்றுகள் குறைவு என்பது மெய்யே. உள்ளவற்றிலும் முக்கியமானவை நாட்டை ஆண்டவர் எழுதியவை. ஒல்லாந்தர் ஆட்சியில் வன்னியை நிருவகித்த தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய அறிக்கை ஒன்று. ஆங்கிலேய உத்தியோகத்தர் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்னொன்று. நம்மவர் ஆக்கங்களில் வையாபாடல் உண்டு. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையும் உண்டு. அவை அரசரையும் வன்னியரையும் குடியேற்றத்தையும் கூறுவன. கனகராயன்குளத்துக் கட்டில் நின்று நீர்மட்டம் பார்த்த கமக்காரன் இவற்றுள் எதிலும் வாய் திறக்கவில்லை. அவன் வாழ்நாள் முழுவதும் ஊமையாகவா இருந்தான்? அயலூரானுக்குச் சாவுச் செய்தி சொன்னான். தன் மாடு இன்னதென்று சாட்சி சொன்னான். தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்தான். காட்டு வழியிற் பின்னால் வருபவனுக்குக் கொப்பை முறித்து வைத்து வழி சொன்னான். இவற்றையெல்லாம் எழுத்தின்றியே செய்தான். எழுத்தை மட்டும் சாசனம் என்று எண்ணிக்கொண்டு தேடுவோருக்கு அவன் அகப்படமாட்டான்.

மனிதர் பொருளை உணர்த்தும் வழிகள் பல என்பது இக்காலத்தில் மொழியியலாராலும் வற்புறுத்தப்படுகின்றது. குந்தர் கிரெஸ், தியோ வான் லீயுவன் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட நூலொன்றில், படமும் நிறமும் அவை வைக்கப்பட்ட இடமுங்கூடத் தமக்கென ஓர் இலக்கணம் உடையவை என்று காட்டினர். சொல்லே எசமான், மற்றவையெல்லாம் அதன் ஏவலாளர் என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்கவில்லை. இதைக் கேட்டதும் நம்மிற் சிலர், “எங்கள் தொல்காப்பியர் அன்றைக்கே சொல்லிவிட்டார்” என்று எழுந்து நிற்பர். அவ்வளவு அவசரம் வேண்டியதில்லை. ஆயினும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, மெய்யின்வழிப் புலப்படும் பொருளுக்கு ஓர் இயலையே அவர் ஒதுக்கினார் என்பதை மறுப்பாரில்லை. புறத்திணை மரபிலோ பூவே அறிக்கை. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான். மீட்கப் போகிறவன் கரந்தை சூடினான். மண்ணை நாடியவனுக்கு வஞ்சி, வென்றவனுக்கு வாகை. தலையைப் பார்த்தே போரின் காரணத்தை அறிந்துகொள்ளலாம்.

நிற்க. இனி நம் நாட்டுப் பறையைக் கேட்போம்.

ஆபிரிக்காவிலே கொங்கோ நாட்டில் மிஷனரியாகப் பணியாற்றிய ஜோன் கரிங்டன் என்னும் ஆங்கிலேயர் அந்நாட்டுப் பேசும் பறைகளைப் பற்றி 1949இல் ஒரு நூல் எழுதினார். அங்குள்ள மொழிகளிற் குரலின் ஏற்றமும் இறக்கமும் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். இரண்டு சுரங்கள் உள்ள மரப்பறை அவ்வேற்ற இறக்கத்தை ஒலிக்க, கேட்பவன் சொற்களை உணர்ந்துகொள்வான். ஒரே ஓசையுள்ள சொற்கள் பல இருப்பதால் ஐயம் நீங்கும் பொருட்டு ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக நீண்ட தொடரையே அறைவார்களாம். தமிழ் அவ்வகை மொழியன்று. ஆகவே நமது பறை சொற்களை ஒலிக்கவில்லை, சந்தர்ப்பத்தை ஒலித்தது. சாவீட்டுக்கு ஓர் அடி, மங்கல காரியத்துக்கு வேறோர் அடி, கோயிலுக்கு இன்னோர் அடி. வயலில் நிற்பவன் அடியைக் கேட்டதும் காரியம் இன்னதென்று அறிவான். ஓசை வரும் திசையைக் கொண்டு எந்தப் பக்கத்து வீடு என்று ஊகிப்பான். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கரையேறுவான். யார் இறந்தார் என்பதை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். வரவேண்டும் என்பதைப் பறை சொல்லிவிட்டது. கடிதம் சொல்லாத ஒன்றையும் அது சொன்னது: ஊர் முழுவதும் ஒரே கணத்தில் அறிந்துவிட்டது, ஆதலால் “எனக்குத் தெரியாது” என்று எவரும் பின்னர் கூற இயலாது.

பறையின் இந்த வலிமையைச் சட்டமும் உணர்ந்திருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒரு சுவையான ஏற்பாடு உண்டு. காணியை விற்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும். அந்த அறிவித்தல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வூர்த் தேவாலயத்தில் வாசிக்கப்படவேண்டும் என்பது ஒல்லாந்தர் காலத்து முறை. வீட்டிலே திருநீறு பூசியவன் தன் பனங்காணியின் எல்லையைத் தேவாலயத்தில் உரத்து வாசிக்கக் கேட்டுக்கொண்டு நின்ற காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ஓலை எழுதினால் மட்டும் போதாது, ஊர் கூடிய இடத்திலே காதில் விழவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆங்கிலேயர் வந்த பின் இந்த வேலை பறையிடம் சேர்ந்தது. 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, நீதிமன்றக் கட்டளைப்படி காணி கைப்பற்றப்படும்போது அக்காணியிலோ அதனருகிலோ பறையறைந்து பிரசித்தஞ் செய்யவேண்டும் என்று விதித்தது. முத்திரை குத்திய ஆங்கிலக் கடதாசிக்கும் ஊரவர் நம்புவதற்கு ஒரு தோற்கருவி துணை வேண்டியிருந்தது.

பறையைப் பற்றி எழுதுபவர் ஒன்றை மறைத்து எழுதலாகாது. அதன் ஓசை எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தது. அதை அடித்தவன் படலைக்கு வெளியே நின்றான். ஊரின் மிக முக்கியமான செய்தியை அவன் கையில் நம்பிக் கொடுத்தோம். அவன் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தோம். பெரியோர் சிலருக்கு இவ்வாக்கியம் கசக்கலாம். ஆனால் கசப்பது உண்மையின் குணமேயன்றி எழுதுபவரின் குணமன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடபகுதியிலே சாதிக்கொடுமைக்கு எதிரான இயக்கங்கள் வலுப்பெற்ற காலத்தில், இது அடிமைத்தனத்தின் சின்னம் என்று கூறிப் பறையடிப்பதைக் கைவிட்டவர்கள் உண்டு. சாவீட்டிற் பறை ஒலியாத அந்த மௌனமும் ஓர் அறிவித்தலே. அதன் பொருளை ஊர் நன்றாக விளங்கிக்கொண்டது. பின்னாளில் அதே பறை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் விடுதலையின் குரலாக மேடை ஏறியது. ஆனால் மேடைக்கு வந்தவை சில அடிகளே. ஊர்தோறும் வழங்கிய அடிகளின் பெயர்களும் வேறுபாடுகளும் எழுதிவைக்கப்படாமலே போயின. அடித்தவரை மதியாத சமூகம் அடியைக் குறித்துவைக்குமா?

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பேரு நாட்டு இன்கா மக்கள் கணக்கையும் குடிமதிப்பையும் கயிற்று முடிச்சுகளில் வைத்திருந்தனர். 1583இல் லீமா நகரிற் கூடிய கத்தோலிக்கக் குருமார் சபை அம்முடிச்சுக் கயிறுகளைத் தீக்கிரையாக்கும்படி கட்டளையிட்டது. அவர்கள் ஒரு நாளில் நெருப்பினாற் செய்ததை நாம் பல தலைமுறைகளாக அலட்சியத்தினாற் செய்தோம்.

கனகராயன்குளத்திலிருந்து யாழ்ப்பாண வீதியில் வடக்கே போய், மாங்குளத்திற் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவு வீதியிற் சென்றால் ஒட்டுசுட்டானை அடையலாம். அதன் அயலிலே கற்சிலைமடு இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே ஒரு கல் நிற்கின்றது. ஆனால் நாம் சொல்ல வந்த கல் வேறு.

1803ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆந் தேதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க்கும் அவனுடைய படையும் தோணியேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆந் தேதி டிறிபேர்க் திரும்பிவந்து கற்சிலைமடுவில் வன்னியனின் படையை எதிர்பாராத வேளையில் தாக்கிச் சிதறடித்தான். அந்த வெற்றியைக் குறித்து ஆங்கிலேயர் அவ்விடத்தில் ஒரு கல் நாட்டினர். இவ்விடத்தருகே இன்ன தேதியில் இன்னவர் இன்னவரைத் தோற்கடித்தார் என்பதே கல்லில் உள்ள செய்தி. எழுதப்பட்ட மொழி ஆங்கிலம்.

காட்டின் நடுவிலே ஆங்கிலத்தில் ஒரு கல்! யாருக்காக எழுதினார்கள்? அக்காலத்தில் அவ்வழியாற் போனவர்களில் ஆங்கிலம் அறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாம் மிஷன் பாடசாலையிலே விவிலிய வகுப்பிற் படித்த ஒரு கதை இங்கே நினைவுக்கு வருகிறது. பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் விருந்து செய்துகொண்டிருக்கையில் ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதிற்று. அரசனாலும் அவனுடைய ஞானிகளாலும் அவ்வெழுத்தை வாசிக்க முடியவில்லை. தானியேல் வந்தே வாசித்தான். ஆனால் தானியேல் வருமுன்னரே அரசனின் முகம் வேறுபட்டது, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதின. எழுத்து விளங்குமுன்னே எழுதிய கை விளங்கிவிட்டது.

கற்சிலைமடுவில் நடந்தது இதற்கு எதிர்மாறானது. கல்லை நாட்டிய கை விளங்குவதற்கு முன்னே கல்லின் மொழி நம்மவருக்கு விளங்கிற்று. எழுத்து அறியாதவனும் கல்லை அறிவான். நட்ட கல் என்றால் அது வீழ்ந்தவனுக்கு உரியது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று வீரனுக்குக் கல்லெடுக்கும் படிமுறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. தமிழ்நாட்டிலே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இற் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துள்ளவை. அவற்றுள் ஒன்று ஆகோட் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆகவே ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாத பழக்கம் இது. இந்தப் பழக்கத்தோடு வந்த கண் ஆங்கிலக் கல்லைப் பார்த்தபோது அதில் டிறிபேர்க்கைக் காணவில்லை; பண்டாரவன்னியனையே கண்டது. வென்றவன் தனக்கென நாட்டிய கல்லைத் தோற்றவனின் நடுகல்லாக மக்கள் வாசித்துவிட்டார்கள். டிறிபேர்க்கின் பெயர் இன்று எவருக்காவது தெரிகிறதென்றால் அது வன்னியனின் கதையில் வருவதனாலேயே.

இந்த வாசிப்புக்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். கல்லில் உள்ள வினைச்சொல் தோற்கடித்தார் என்பது, கொன்றார் என்பதன்று. அதன் பின்னரும் வன்னியன் உயிரோடிருந்து போராடினான் என்பதை ஆங்கிலேயரின் குறிப்புகளைக் கொண்டே ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். இருந்தும் ஒக்டோபர் 31ஐ அவன் மறைந்த நாளாக நெடுங்காலம் பலர் நினைவுகூர்ந்து வந்தனர். வடிவம் நடுகல்லானால் நாள் இறந்த நாளாகத்தானே இருக்கவேண்டும்! கல்லின் மொழி எழுத்தின் மொழியை வென்றது. வெல்லும்போது ஓர் உண்மையையும் மறைத்தது. எழுதாச் சாசனம் எல்லாம் மெய் என்று நாம் வாதாடவில்லை. எழுதிய சாசனத்தைப் போலவே அதையும் கேள்வி கேட்டுத்தான் வாசிக்கவேண்டும்.

அதே வீதியில் இன்னும் கிழக்கே போனால் முள்ளியவளை, அதற்கப்பால் நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளை. கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னியின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் சனங்கள் போவது வழக்கம். வரலாறு கேட்டிராத சிறுவர்களுக்காக ஐதீகத்தைச் சுருக்கிச் சொல்வோம். மதுரையை எரித்த கண்ணகி முதியவளாக நந்திக்கடற்கரைக்கு வந்தாள். அங்கே மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுக்குக் குழைகளால் ஒரு பந்தல் அமைத்துக் கொடுத்தார்கள், பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி விளக்கில் வார்க்கச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலை கடிக்கிறது, பாருங்கள் என்றாள். பார்த்தால் தலையெல்லாம் கண்கள். பின் அவளைக் காணவில்லை.

இந்தக் கதை ஏட்டிலும் உண்டு, கூத்திலும் உண்டு. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது பாட்டாலும் ஆட்டத்தாலும் மத்தளத்தாலும் சேர்ந்து சொல்லப்படுவது தெரியும். ஆயினும் ஆண்டுதோறும் கதையைச் சொல்வது முதன்மையாகப் பொங்கற் சடங்கே. அதன் முதற் கட்டம் பாக்குத்தெண்டல். தெண்டுதல் என்றாற் கேட்டுச் சேர்த்தல். பாக்கு நம்மிடையே எப்போதும் பொருளுக்கு மேற்பட்ட பொருளுடையது; வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த வீட்டுக்குப் போகாமலிருக்க முடியாது. அழைப்பிதழ் அச்சடிக்கும் இக்காலத்திலும் இதழோடு வெற்றிலை போகாவிட்டால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது தீர்த்தமெடுத்தல். முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலிருந்து புறப்பட்டுச் சிலாவத்தைக் கடற்கரைக்குப் போய்க் கடல்நீர் எடுத்து வருவார்கள். அந்த உப்புநீரில் ஏற்றிய விளக்கு காட்டு விநாயகர் ஆலயத்தில் ஏழு நாள் எரியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பொங்கல். மறுநாள் திங்கட்கிழமை வற்றாப்பளையிற் பொங்கல்.

இதிற் பேச்சு எவ்வளவு குறைவு என்பதைக் கவனிக்கவேண்டும். எண்ணெய் இல்லாத அந்தச் சிறுவர்களின் வறுமையை எவரும் எடுத்துரைப்பதில்லை. கடல்நீர் விளக்கு அதைச் சொல்கிறது. கடலிலிருந்து காட்டுக்கும் காட்டிலிருந்து களப்புக்கரைக்கும் நடக்கும் அந்த நடை, கடற்கரை ஊரையும் வயல் ஊரையும் ஒரே வரியாக எழுதிவிடுகிறது. வரைபடம் கண்டிராத மூதாட்டியும் தன் நாட்டின் எல்லையைக் காலால் அறிந்தாள். நாளும் முறையும் தப்பாமல் ஆண்டுதோறும் உடம்பினாற் படியெடுக்கப்படும் சாசனம் இது. ஏட்டைக் கறையான் அரிக்கும். இதைக் கறையான் அரிக்காது. இதைச் செய்பவர்கள் இடம்பெயர்ந்தாலோ, செய்யக் கற்றவர்கள் மடிந்தாலோ மட்டும் இது அழியும். 2009இல் இப்பொங்கல் நடக்கும் நந்திக்கடலோரமே போரின் இறுதிக் களமாயிற்று என்பதை இம்மலரின் வாசகருக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

போர் தனக்கென ஒரு குறிமுறையையும் கொண்டுவந்தது. 1997 முதல் யாழ்ப்பாண வீதியே போர்க்களமாகியபோது கனகராயன்குளத்தவர் ஊரைவிட்டு நீங்கினர்; 2008இல் மீண்டும் நீங்கினர். திரும்பி வந்தபோது வீதியோரங்களிலே சிவப்புப் பலகைகள் நின்றன. அவற்றில் வெள்ளை மண்டையோடும் குறுக்கிட்ட எலும்புகளும். அவற்றோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் மிதிவெடி எச்சரிக்கை. மூன்று மொழிகள் இருந்தும் முதலிற் பேசியது படமே. ஆனால் அப்படமும் தானாகப் பேசவில்லை. கபாலம் ஏந்திய பெருமானைக் கும்பிடும் நமக்கு மண்டையோடு அச்சத்தின் சின்னமன்று. அது சுடலையாண்டியின் அணி. ஆகவே அச்சின்னத்தின் பொருளைப் பாடசாலைகளிற் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருந்தது. பலகையின் முகம் ஆபத்தில்லாத பக்கத்தை நோக்கியிருக்கும், அதன் முதுகுப் பக்கமே வெடி கிடக்கும் நிலம் என்பதையும் கற்பித்தார்கள். சின்னம், நிறம், அது பார்க்கும் திசை என்ற மூன்றையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்த பிள்ளை தப்பியது. நம் தலைமுறையில் அநேகர் அகரம் கற்ற அதே காலத்தில் இந்த இலக்கணத்தையும் கற்றவர்கள்.

இறுதியாக, மிகப் பழையதும் மிக எளியதுமான ஒரு குறியைப் பற்றிக் கூறவேண்டும். அது மாட்டுக்குச் சுடும் குறி. வன்னியில் மாடுகள் பட்டியிற் கட்டுண்டு நிற்பவையல்ல. காட்டிலும் தரவையிலும் மேய்பவை. எவருடைய மாடு என்பதை அதன் உடலே சொல்லவேண்டும். காய்ச்சிய இரும்பாற் சுடும் குறிகளில் உரியவன் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். வழிவழியாக வந்த குடும்ப அடையாளம் இருக்கும். பழைய குறிகளிற் சாதியைக் காட்டும் அடையாளமும் இருந்தது. எழுத்தும் சித்திரமும் ஒரே தோலிற் கூடி நின்று ஒருவனுடைய உரிமையைக் கூறின. அரசாங்கமும் இதை ஏற்று, 1958ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்திற் குறிசுடுதலுக்கு விதிகள் வகுத்தது. மாட்டுக்கு நோவு தரும் வழக்கமாதலால் இதை நாம் போற்றவில்லை. இதன் மொழியையே கவனிக்கிறோம்.

எழுத்தும் சித்திரமும் கூடி நிற்கும் இம்முறை நம் மண்ணில் எவ்வளவு பழையது? 1980ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பெருங்கற்காலத்து ஈமக்குழி ஒன்றில் சிறியதொரு முத்திரை கிடைத்தது. அதன் மேல் வரியிற் சின்னங்கள். கீழ் வரியிற் பிராமி எழுத்துகள். கீழ் வரியைக் ‘கோவேத’ என்று வாசித்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். மேல் வரிச் சின்னங்களின் பொருளை ஐயந்திரிபற வாசித்தவர் இல்லை. எழுத்து வந்த பின்னரும் சின்னத்தை விட்டுவிடாமல், இரண்டையும் ஒன்றன்மேலொன்றாக வைத்துக்கொண்டான் அம்மனிதன். சின்னத்தை அறிந்தவர்கள் அயலிலே பலர் இருந்திருக்கவேண்டும். எழுத்தை அறிந்தவர்கள் சிலரே. இருசாராருக்கும் ஒரே முத்திரையாற் பேசினான் என்று நாம் கருதுகின்றோம். பிற்காலத்து யாழ்ப்பாண அரசரும் நாணயத்தில் நந்தியைப் பொறித்து அதன் கீழே ‘சேது’ என்று எழுதினர். சந்தையிற் காசு வாங்கியவன் நந்தியைப் பார்த்து வாங்கினான். கணக்கன் எழுத்தைப் பார்த்தான்.

இதைப் படிக்கும் பெரியோர் வீடுகளில் எங்காவது கோடியிலே பழைய குறியிரும்பு ஒன்று துருவேறிக் கிடக்கக்கூடும். இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்பவனிடம் அது போவதற்கு முன் அதன் வடிவத்தைக் கடதாசியில் ஒற்றி எடுத்து, யாருடைய குறி, எந்த ஊர், எத்தனை தலைமுறை என்று பக்கத்தில் எழுதி வைத்தால், கற்சிலைமடுக் கல்லுக்கு நேர்ந்த குழப்பம் அதற்கு நேராது.

2009க்குப் பின் மீள்குடியேறி வந்தவர்களிற் பலரிடம் காணி உறுதி இல்லை. சில எரிந்தன, சில இடம்பெயர்ந்த வழியிலே பெட்டியோடு கைவிடப்பட்டன. உறுதியில்லாதவன் தன் வளவு இன்னதென்று நிறுவுவதற்குக் கந்தோர் கந்தோராக அலைந்தான். அதே வேளையில் காட்டிலே கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகளின் மேல் பழைய குறி அழியாமல் இருந்தது. மயிர் மூடியிருந்தாலும் கையாற் தடவிப் பார்த்து, “இது எங்கடை மாடு” என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். குறி இருந்தும் அதைச் சொல்ல உரியவர் திரும்பி வராத மாடுகளும் இருந்தன.